அறுபத்தொரு பேருக்கு ஒரே எண்

மீட்டரக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் அவருடைய நல்ல மனசில்தான் தொடங்குவார்கள். நான் அவருடைய கையெழுத்தில் தொடங்குகிறேன். அவர் நிரப்பிய படிவங்களை மூன்று வருடம் படித்துக் கணினியில் ஏற்றியவன் நான். கோழி கிண்டியது போல இருக்கும் எழுத்து. ஆனால் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. மற்றவர்களின் படிவம் அச்சடித்தது போல அழகாக இருக்கும், பாதிக் கட்டத்தில் ஒன்றும் இருக்காது. அழகான கையெழுத்துக்காரர்கள் மேல் எனக்கு அன்றிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு.

எங்கள் அலுவலகத்தின் வேலை, இந்த வட்டாரத்தில் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது. வட்டாரத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு நூற்று நாற்பது பேரைக் குலுக்கலில் எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஆட்களிடம் போய் அதே நாற்பத்திரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். ரத்த அழுத்தம் எவ்வளவு, விழுந்தீர்களா, மாத்திரை ஒழுங்காக எடுக்கிறீர்களா, பல் எத்தனை மிச்சம் இருக்கிறது. கடைசியில் மனிதத் தொடர்பைப் பற்றிச் சில கேள்விகள். கடந்த ஏழு நாளில் வெளியாள் யாராவது வந்து பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேசினார்களா? திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள், அவர் உங்களுக்கு என்ன உறவு, அவருடைய எண் என்ன? பிள்ளை என்றால் 2, அண்டை வீட்டார் என்றால் 6, இதில் எதிலும் அடங்காதவர் என்றால் 9. யாரும் இல்லை என்றால் பூஜ்யம்.

அக்கா அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவர். பையில் ஒரு திருப்புளி, ஒரு பழைய துணி. பெட்டியின் மூடி இறுகியிருந்தால் நெம்பி, கண்ணாடியைத் துடைத்து, முள் நிற்கும் இடத்தை எழுதிக்கொண்டு அடுத்த வீடு. எழுதுவதோடு நிற்கிற ஆள் இல்லை. ரேடியோ பழுது பார்க்கும் ஒருவர் வீட்டில் தண்ணீர்ச் செலவு ஒரேயடியாக மூன்றில் ஒரு பங்காக இறங்கியதைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மனைவி இறந்து ஆறு வாரமாகியிருந்தது. மனிதர் குளிப்பதையும் சமைப்பதையும் விட்டுவிட்டு, ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா முதலில் அவரைக் குளிக்கச் சொன்னார். துக்கம் விசாரித்ததெல்லாம் அப்புறம்தான்.

பிறகு தானாகவே கணக்கு அனுப்பும் மீட்டர்கள் வந்தன. அக்காவுக்கு ஐம்பத்தோரு வயதில் வேலை போனது. கணவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். "அவர் சுவரு மாதிரி. சாஞ்சுக்கலாம், பேச முடியாது" என்பது அக்கா கொடுக்கும் நற்சான்று. வீட்டில் உட்கார்ந்தால் துருப்பிடித்துவிடுவோம் என்று பயந்து, இரண்டு வருடம் கண்ட இடத்தில் கேட்டுப் பார்த்துக் கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தார். மூன்றாம் பகுதி அவருக்கு. அங்கே எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்பதுவரை தெரியும். ரேடியோக்காரரும் குலுக்கலில் வந்திருந்தார்.

பயிற்சியில் நான்கு விதிகள் சொன்னார்கள். ஒரு வீட்டில் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அறிவுரை சொல்லக்கூடாது. சொந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுக்கக்கூடாது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுத வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அக்கா நான்காவது விதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முதல் மூன்றையும் வாசலிலேயே செருப்போடு கழற்றிவிட்டார்.

உள்ளே போனால் நகம் வெட்டிவிடுவது, மாத்திரைப் பட்டையில் காலை மாலை என்று எழுதுவது, மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் படிவம் வெளியே வரும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவிலும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பார். முதல் முறை ரேடியோக்காரரிடம் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டபோது அவர் நெடுநேரம் யோசித்திருக்கிறார். பிறகு, "யாரும் இல்லன்னு போட்டுக்கோம்மா" என்றாராம். அக்கா பூஜ்யம் போட்டார். ஆனால் எழுந்து வர முடியவில்லை. நாட்காட்டித் தாளைக் கிழித்துத் தன் எண்ணைப் பெரிதாக எழுதி, தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு வந்தார். மூன்று மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது ரேடியோக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சைக்குப் படித்து வந்த பிள்ளை போல, அக்காவின் எண்ணையே மனப்பாடமாக ஒப்பித்தார். சொன்னதை எழுத வேண்டும் என்பது விதி. அக்கா எழுதினார். உறவு: 9.

அப்புறம் பூஜ்யம் விழுந்த வீட்டிலெல்லாம் ஒரு நாட்காட்டித் தாள் ஒட்டப்பட்டது, மொத்தம் அறுபத்தொரு வீடு. வெளியாள் வந்து பேசினாரா என்ற கேள்விக்கும், "ஏன், நீதான் போன வாரம் வந்தியே" என்று பதில் வந்தது. அதையும் எழுதினார்.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். ஐந்தாவது முறை கணக்கெடுப்பிலேயே தெரியும். மதியச் சாப்பாட்டுக்குக் கூட உட்காருகிறவரின் எண் எனக்குத் தெரியாதா? அடிக்க அடிக்க என் விரலே அந்தப் பத்து இலக்கத்தைத் தானாக அடிக்கப் பழகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. நானுண்டு என் வேலையுண்டு என்று இருப்பதை ஒரு நல்ல குணமாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

மூன்றாவது வருடக் கடைசியில் கூட்டம் போட்டார்கள். எங்கள் பெரிய டாக்டரம்மா கெட்டிக்காரர், கண்டிப்பானவர், எண்களை முழுசாக நம்புகிறவர். திரையில் நான்கு கோடுகள். மற்ற மூன்று பகுதிகளின் கோடுகள் தரையோடு படுத்துக் கிடந்தன, மூன்றாம் பகுதியின் கோடு மட்டும் மாடிப்படி மாதிரி ஏறியது. மூன்றாம் பகுதி முதியோர் தனிமையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள் என்றார் டாக்டரம்மா. அக்காவை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். நானும் தட்டினேன்.

அதற்கு அடுத்த படம்தான் இடி. முதியோருக்கு ஒரு பகல்நேர மையம் வரப்போகிறது. ஒரு கூடம், ஒரு நர்ஸ், உடற்பயிற்சி சொல்லித்தர ஒருவர், வீட்டிலிருந்து அழைத்து வர ஒரு வண்டி. நான்கு பகுதிக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. நிலைமை மோசமாக இருக்கும் பகுதிக்குத்தான் கொடுக்க முடியும் என்பதால் அது இரண்டாம் பகுதிக்கு. மூன்றாம் பகுதியில் கணக்கெடுப்பை அடுத்த மாதத்தோடு நிறுத்திவிட்டு அக்காவையும் இரண்டாம் பகுதிக்கே அனுப்புவார்கள்.

மாடிப்படியில் அக்கா எனக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, உனக்குத் தெரியும்ல?"

"என்னது?"

"நடிக்காத. நீதானே எல்லாத்தையும் அடிக்கிற."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தான் ஒரு பொய்யும் எழுதவில்லை என்றார். அதுதான் சிக்கலே என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் படியில் நின்றோம், மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்காமலேயே மறைந்துபோன பூசணிக்காய். டாக்டரம்மாவிடம் சொன்னால் அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் அறுபத்தொரு பேருக்கு வரவேண்டிய கூடமும் நர்ஸும் வண்டியும் போகும், அக்காவும் போய்விடுவார்.

"கைதட்டினப்போ சந்தோஷமா இருந்துச்சுப்பா" என்றார் அக்கா. "அதான் கேவலமா இருக்கு."

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பத்து நாள் சொல்லவில்லை. இன்னும் நான்கு வருடமாவது வேலை பார்க்கலாம் என்று நினைத்திருந்தவர். அதைவிட, அந்த வீடுகளுக்குப் போகக் காரணம் இல்லாமல் போய்விடும் என்பது அவருக்குப் பெரிய பயம். பதினோராம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரண காய்ச்சல்தான், ஆனால் தலையைத் தூக்க முடியவில்லை. சுவர் மாதிரி இருந்த கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஒரு முடிவு எடுத்தார். மனைவி தூங்கட்டும் என்று தொலைபேசியை அணைத்து அலமாரிக்கு உள்ளே வைத்துவிட்டார்.

மூன்றாம் பகுதியில் டீச்சரம்மா என்று ஒருவர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தெட்டு, மூன்று பிள்ளைகளும் கடல் தாண்டி. அக்கா காய்ச்சலில் கிடந்த இரண்டாம் நாள் காலை சமையலறையில் வழுக்கி விழுந்தார். கை மணிக்கட்டு உடைந்தது, எழுந்திருக்க முடியவில்லை. தொலைபேசி இடுப்பில்தான் இருந்தது. அக்காவின் எண்ணை அடித்திருக்கிறார். பதினேழு தடவை அடித்திருக்கிறார். காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை அந்த ஈரத் தரையிலேயே கிடந்தார். குப்பை எடுக்க வந்தவர் முனகலைக் கேட்டுக் கதவை உடைத்துத் தூக்கினார்.

காய்ச்சல் விட்டதும் ஆஸ்பத்திரியில் அக்கா அவரைப் பார்த்தபோது நானும் கூட இருந்தேன். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே டீச்சரம்மா என்று அக்கா அழுதுகொண்டே கேட்டார்.

"வேற யாரு நம்பரும் எனக்குத் தெரியாதேம்மா" என்றார் டீச்சரம்மா. "உன்னோடது இருக்கும்போது எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அக்காவை அப்படிக் குத்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தார். நான் அறுபத்தொரு படிவங்களையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் டாக்டரம்மாவின் அறைக்குள் போனேன்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தாவது தாளில் கை நின்றது.

"எல்லாமே உங்க நம்பரா?"

"ஆமாம்மா. அவங்கள நல்லா இருக்காங்கன்னு காட்டினது நான்தான். அவங்க நல்லா இல்ல. என்னை எடுத்துட்டா அங்க யாருமே இல்ல."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று வருட வேலை பாழ் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும், ஐந்தாவது முறையிலிருந்து என்றேன். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அக்காவை அன்றைக்கே நிறுத்தினார்கள். மறு கணக்கெடுப்பும் அதன் மேல் எடுக்கும் முடிவும் கெடாமல் இருக்க, ஆறு மாதத்துக்கு, அந்த வீடுகளுக்குப் போகக்கூடாது, தொலைபேசியில் பேசவும் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதுவரை அவசரத்துக்கு ஆஸ்பத்திரி வண்டியின் எண்ணை எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அக்கா கேட்டார். அதை டாக்டரம்மா அன்று சாயங்காலமே செய்துவிட்டார். மனிதர் மோசமில்லை.

கடைசியாக ஒருமுறை அறுபத்தொரு பேருக்கும் பேசி விஷயத்தைச் சொல்ல அனுமதித்தார்கள். என் மேஜையிலிருந்துதான் பேசினார். பெரும்பாலானவர்கள் சரிம்மா, சரிம்மா என்றார்கள். ரேடியோக்காரர், "என் மேல என்னம்மா கோவம்?" என்று கேட்டார். அக்கா ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் வணக்கம் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறு கணக்கெடுப்பில் புது ஆள் போனார், இருபத்தைந்து நிமிடம் கடிகாரம் பார்த்து. அறுபத்தொரு வீட்டில் ஐம்பத்து நான்கில் பூஜ்யம். நான்கு கோடுகளில் மூன்றாம் பகுதியின் கோடுதான் பாதாளத்தில் கிடந்தது. மையம் மூன்றாம் பகுதிக்கு என்று முடிவாயிற்று. பழைய தபால் பிரிப்பு நிலையத்துக்கு வெள்ளையடித்து நாற்பது நாற்காலி போட்டார்கள். நர்ஸ் வந்தார். வண்டியும் வந்தது.

ஆட்கள்தான் வரவில்லை. முதல் வாரம் மூன்று பேர். இரண்டாம் வாரம் இரண்டு பேர், அதில் ஒருவர் வண்டியை ஆஸ்பத்திரி வண்டி என்று நினைத்து ஏறியவர். நாங்கள் என்ன திக்கற்றவர்களா, கூடத்தில் போய் உட்கார, தடை முடிந்ததும் மீட்டரக்கா வீட்டுக்கே வரும் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் இருபது பேராவது சேராவிட்டால் மையத்தை வேறு பகுதிக்கு மாற்றிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து எழுத்தில் வந்தது. டாக்டரம்மா ஒருநாள் காலை சைக்கிள் கடைக்கே போய், டயர்களுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அக்காவிடம் பேசினார். வேலை தர முடியாது என்றும் சொன்னார், உதவி வேண்டும் என்றும் சொன்னார். அக்கா ஒன்றும் பேரம் பேசவில்லை.

தடை முடிந்த மறுநாள் அக்கா கிளம்பினார். ஆறு நாளில் அறுபத்தொரு வீடு. எல்லா வீட்டிலும் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். எந்த வீட்டிலும் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே ஒரே விஷயம்: இனி வீட்டுக்கு வரமாட்டேன், பார்க்க வேண்டுமென்றால் அங்கே வாருங்கள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரில் இருந்த நாட்காட்டித் தாளைத் தன் கையாலேயே கிழித்தார். நடக்கவே முடியாதவர்கள் வீட்டில் மட்டும் விட்டுவைத்தார். ரேடியோக்காரர் அக்கா பேசி முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார். அந்த வாரம் அக்கா அளவுக்குத் திட்டு வாங்கியவர் யாரும் இருக்க மாட்டார்கள். நன்றி கெட்டவள் என்று ஒரு பாட்டியே சொன்னாராம். நன்றி யாருக்கு யார் சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் அந்தப் பாட்டி மேல் கோபம்தான்.

திங்கட்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். ரேடியோக்காரர் சலவைச் சட்டை போட்டு, அக்காவைப் பார்க்காதது போல மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார். அக்கா அங்கே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யார் எது கேட்டாலும் தான் பதில் சொல்வதில்லை. மாத்திரை எப்போது என்றால், "பக்கத்துல இருக்காரே, அவரும் அதேதான் சாப்பிடறாரு, கேளுங்க." கண்ணாடியைக் காணோம் என்றால், "டீச்சரம்மாவுக்குக் கண்ணு நல்லா தெரியும்." கையில் கட்டோடு வந்த டீச்சரம்மாவுக்கும் ரேடியோக்காரருக்கும் முதல் வாரமே முட்டிக்கொண்டது. வண்டியை ரேடியோக்காரர் தினமும் காக்க வைக்கிறார் என்று டீச்சரம்மா புகார். அக்காவிடம் சொன்னால், அவரிடமே சொல்லுங்கள் என்று பதில். தினமும் காலையில் தொலைபேசியில் திட்டி எழுப்புவதற்காகவே டீச்சரம்மா அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டார். இரண்டு மாதத்தில் வருகிறவர்கள் முப்பத்தைந்து பேர். அக்கா வாரம் ஐந்து நாள் போனவர், மூன்றாக்கினார், பிறகு ஒன்றாக்கினார்.

போன மாதம் அடுத்த முறைப் படிவங்கள் என் மேஜைக்கு வந்தன. யாரைக் கூப்பிடுவீர்கள் என்ற கட்டம் வரும்போதெல்லாம் என் விரல் பழைய பழக்கத்தில் அந்தப் பத்து இலக்கத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது. அடித்து முடித்ததும், அக்காவின் எண் எத்தனை படிவத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பதில்களை வெளியே சொல்லக்கூடாது என்பது என் விதி. அன்று மாலை சைக்கிள் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். விதி மீறுவதை அக்காவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

"எத்தன?" என்றார்.

"நாலு."

"ரேடியோக்காரர்?"

"டீச்சரம்மா நம்பர் கொடுத்திருக்காரு. அவங்க இவரு நம்பர். ரெண்டு பேரும் 9ன்னுதான் போட்டிருக்காங்க."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"நல்லதுதான். இதுக்குத்தானே அலைஞ்சேன். ஆனா வயித்தெரிச்சலா இருக்குப்பா, என்ன செய்ய."

அந்த நாலு பேர் யார் என்று கேட்டார். படுக்கையோடு இருப்பவர்கள் என்றேன். வீட்டைச் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அவருடைய கணவர் ஒரு டயரைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது அக்கா தொலைபேசியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு தடவ எனக்கு அடிச்சுப் பாரு தம்பி. ரெண்டு நாளா சத்தமே இல்ல. கெட்டுப்போச்சோ என்னவோ."

அடித்தேன். நன்றாகத்தான் மணி அடித்தது. அக்கா அதை எடுக்காமல், தானாக நிற்கும்வரை கையிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.